கடலில் இறங்கிய உடையோடு சைக்கிள் ஏற வேண்டும்! டிரையத்லானுக்குப் போகும் பெண்கள் எதை வாங்குவது?

சென்னை,

கடலில் நீந்த வேண்டும். கரையேறி, ஈரம் சொட்டச் சொட்ட சைக்கிள் மிதிக்க வேண்டும். சைக்கிளை நிறுத்திவிட்டு ஓட வேண்டும். நடுவில் ஓய்வு கிடையாது. கடிகாரம் யாருக்காகவும் நிற்காது!

இதுதான் டிரையத்லான் என்னும் முப்போட்டி. முதன்முறையாக இறங்குவோர் பெரும்பாலும் எடுத்துக் கொள்வது சின்ன தூரம்தான். நீச்சல் 750 மீட்டர், சைக்கிள் 20 கிலோ மீட்டர், ஓட்டம் 5 கிலோ மீட்டர்.

ஆபீஸ் போகும் பெண்களும், பிள்ளை பெற்ற தாய்மார்களும் இதில் இறங்குகிறார்கள். பயிற்சிக்கு அஞ்சாத அவர்களையும் ஒரு கேள்வி மடக்கிப் போட்டு விடுகிறது.

"எதைப் போட்டுக்கிட்டுப் போறது?"

அசட்டுக் கேள்வி அல்ல இது. சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் மைதானத்தில்தான் நீச்சலில் இருந்து சைக்கிளுக்கு மாற வேண்டும். நாலு பக்கமும் ஆட்கள். அங்கே உடம்பு தெரிய உடை மாற்றுவது விதிப்படி குற்றம். சின்னப் போட்டிகளில் மறைப்புக் கூடாரமும் பெரும்பாலும் இருக்காது.

ஆக, தண்ணீரில் இறங்கும்போது போட்டிருக்கும் துணிதான் கடைசிவரை!

பருத்தி ஆகாது

"காட்டன்தான் உடம்புக்கு நல்லது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் அந்தப் பேச்சு எடுபடாது. நனைந்த பருத்தி கனக்கும், காயாது, தொடையிலும் அக்குளிலும் உரசித் தோலை உரித்து விடும்.

இதற்கென்றே "டிரை சூட்" என்று ஒன்று விற்கிறார்கள். உடம்போடு ஒட்டி, சீக்கிரம் காயும் துணி. உட்காரும் இடத்தில் மெல்லிய மெத்தை வைத்துத் தைத்திருப்பார்கள். சைக்கிள்காரர்களின் கால்சட்டையில் உள்ள தடித்த மெத்தை இதற்கு உதவாது. அது தண்ணீரைக் குடித்து, நனைந்த தலையணை மாதிரி ஆகிவிடும்.

மேலும் கீழும் ஒன்றாகத் தைத்தது, தனித்தனியாக உள்ளது என்று இரண்டு வகை உண்டு. முதல் தடவை போகும் பெண்ணுக்கு இரண்டாவதே மேல். அவசரத்துக்குக் கழிப்பறை போக வேண்டி வந்தால் ஒன்றாகத் தைத்ததைக் கழற்றுவதற்குள் பொழுது விடிந்துவிடும்!

உள்ளே ஓட்டத்துக்கு உகந்த, இறுக்கிப் பிடிக்கும் ஸ்போர்ட்ஸ் பிரா கட்டாயம். ஜட்டி வேண்டாம். அதன் தையல்தான் சைக்கிளில் அறுக்கும்.

உடம்போடு ஒட்டிய உடையில் நாலு பேர் முன்னால் வரக் கூச்சமா? கரையேறியதும் மேலே ஒரு மெல்லிய டீ-சர்ட்டை மாட்டிக் கொள்ளலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். ஒரு நிமிடம் போகும், அவ்வளவுதான். கை, கால் முழுக்க மூடி நீந்த விரும்புவோர், போட்டி நடத்துபவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக் கொள்வது நல்லது.

மாதவிலக்கு நாளில் போட்டி வந்துவிட்டால்? நாப்கின் தண்ணீருக்கு ஆகாது, ஊறிவிடும். டாம்பன் அல்லது மென்ஸ்ட்ருவல் கப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதை அன்றைக்குத்தான் முதன்முதலாக எடுத்துப் பார்ப்பது ஆபத்து. இரண்டு மூன்று மாதம் முன்பே பழகியிருக்க வேண்டும்.

பணம் தப்பும்

"வெட்சூட் வேணுமா?" என்று கடையில் கேட்கலாம். ரப்பர் போன்ற தடித்த உடை. குளிர் நாட்டுக்காரர்களுக்கு உயிர் காப்பது. சென்னைக்கு அது தண்டச் செலவு!

1,500 மீட்டர் வரையிலான நீச்சலில், தண்ணீர் 22 டிகிரியைத் தொட்டாலே பொதுப் போட்டியாளர்கள் அதைப் போடக் கூடாது என்பது சர்வதேச விதி. நம் கடல் மார்கழியிலும் அதைவிடச் சூடு. பல ஆயிரம் ரூபாய் மிச்சம்.

பந்தய சைக்கிளும் வேண்டாம். வீட்டில் இருக்கும் கியர் சைக்கிளுக்கு பிரேக் பிடித்தால் போதும். பணம் போட வேண்டிய இடம் சீட்! பெண்களின் இடுப்பு எலும்பு சற்று அகலம் என்பதால், அதற்கேற்ற சீட் தனியாகக் கிடைக்கிறது. உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பெடலோடு பூட்டிக் கொள்ளும் ஷூவும் இப்போதைக்குத் தேவையில்லை. பழகாதவர்கள் சிக்னலில் கால் ஊன்ற முடியாமல் சாய்ந்து விழுவார்கள். ஓடுகிற ஷூவிலேயே மிதிக்கலாம். அதில் எலாஸ்டிக் கயிறு கோத்துவிட்டால் முடிச்சுப் போடும் வேலையும் மிச்சம்.

கடலில் நீந்தக் கண்ணாடியும், பளிச்சென்ற நிறத்தில் தொப்பியும் வேண்டும். தொப்பி அழகுக்கு அல்ல. அலையில் திணறினால், படகில் இருப்பவர் கண்ணில் படுவது அந்தத் தொப்பிதான்! ஆண்டுதோறும் கடல் ஆளை இழுக்கும் மெரினாவில் குளிக்கவே போலீஸ் தடை உண்டு. பயிற்சிக்கு வேளச்சேரி நீச்சல் குளம் இருக்கிறது.

ஹெல்மெட்

ஹெல்மெட் விஷயத்தில் சலுகையே இல்லை. சைக்கிளைத் தொடும் முன் தலையில் மாட்டி, வாரைப் பூட்டியிருக்க வேண்டும். ஓட்டி முடித்து, சைக்கிளை அதன் இடத்தில் நிறுத்திய பிறகே வாரை அவிழ்க்கலாம். அவசரத்தில் மாற்றிச் செய்தால் தண்டனை.

கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது. தாழ்வாக ஒற்றைப் பின்னல்தான் சரி.

பயிற்சிக்குச் செல்லும் நாட்களிலும் துப்பட்டா வேண்டாம். சக்கரத்தில் சிக்கினால் கழுத்தை இறுக்கி ஆளைச் சாய்த்துவிடும். தங்கச் சங்கிலியையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது உத்தமம். ஆள் நடமாட்டம் இல்லாத விடியற்காலைச் சாலை, சங்கிலி பறிப்பவனுக்குத்தான் சவுகரியம்! தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் மஞ்சள் கயிற்றில் கோத்து உள்ளே போட்டுக் கொள்ளலாம்.

1978-ல் ஹவாயில் முதல் "அயர்ன்மேன்" போட்டி நடந்தபோது புறப்பட்டவர்கள் 15 பேர். ஒரு பெண்கூட இல்லை. மறு ஆண்டே லின் லெமேர் என்ற பெண், தன்னந்தனியாக ஆண்களோடு இறங்கி, ஐந்தாவதாக வந்து சேர்ந்தார். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கிலேயே இந்தப் போட்டி இடம் பிடித்தது. பெண்களுக்கும் தனித் தங்கம்.

ஒத்திகை

போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் போட்டுக் கொண்டு ஒத்திகை பார்க்க வேண்டும். குளத்தில் அரை மணி நேரம், அப்படியே ஈரத்தோடு சைக்கிள், பிறகு ஓட்டம். வீட்டுக்கு வந்து குளிக்கும்போது தெரிந்துவிடும், எங்கெல்லாம் எரிகிறது என்று! போட்டியன்று அந்த இடங்களில் வாசலின் தடவிக் கொண்டு போகலாம். கழுத்து, அக்குள், உள்தொடை, பிராவின் அடிப்பட்டி. பெரும்பாலும் இந்த நாலு இடம்தான்.

காலுறைக்குள் கொஞ்சம் பவுடர் தூவி வைத்தால் ஈரக் கால் வழுக்கிக் கொண்டு போகும். சைக்கிள் நிற்கும் இடத்தை முன்பே மனத்தில் பதித்துக் கொள்வதும் நல்லது. உப்புத் தண்ணீரில் கண் எரிய ஓடி வரும்போது, நூறு சைக்கிளுக்கு நடுவே சொந்த சைக்கிளைக் கண்டுபிடிக்க வேண்டுமே!