தாய்ப்பாலுக்கும் பள்ளிச் சோற்றுக்கும் நடுவிலுள்ள குழந்தை

செங்கற்பட்டுச் சீமையில் ஆகாரப் பொருளுக்குக் குறைவு உண்டென்று சொல்வதற்கில்லை. பாலாற்றுப் பாசனத்திலும் மதுராந்தகம் முதலிய ஏரிகளின் கீழும் நெல் விளைகின்றது. புன்செய்யில் வேர்க்கடலையும் கேழ்வரகும் உண்டு. கோவளம் தொடங்கி மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கரையில் நாள்தோறும் மீன் ஏறுகின்றது. இவ்வளவு இருந்தும், கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய இரண்டு வயதுக் குழந்தைகளைச் சில வீடுகளில் காண்கிறோம். காரணம் யாதெனில், விளைவது வேறு, குழந்தையின் வாய்க்குச் செல்வது வேறு. கறந்த பால் விடியுமுன் சங்கத்துக்குப் போகிறது. கடலை வியாபாரியிடம் போகிறது. நல்ல மீன் ஐஸ் பெட்டியில் ஏறிச் சென்னைக்குப் போகிறது. விற்பது குற்றமன்று. கடன் தவணையும் விதைச் செலவும் காத்திருக்கமாட்டா. ஆனால் விற்றது போக வீட்டில் எவ்வளவு நிறுத்தினோம் என்பதைக் கணக்குப் பார்ப்பவர் நம் அங்கத்தினர்களுள் சிலரே.

பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளைப் பற்றி நம் மாகாணம் நெடுங்காலமாகவே கவலை கொண்டிருக்கிறது. 1920-ல் சென்னை நகரசபை ஆயிரம்விளக்குப் பள்ளியில் பகலுணவு அளித்தது. 1956-ல் காமராஜர் காலத்தில் அது கிராமங்களுக்குப் பரவியது. 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டமாக விரிவாக்கியது. 2022-ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. இவை யாவும் பெரும் நன்மை செய்தவை. எனினும் ஆறு மாதம் நிறைந்து மூன்று வயது நிரம்பாத குழந்தை பள்ளித் திண்ணையில் தட்டேந்தி உட்காராது. அதற்குத் தாய்ப்பால் மட்டும் போதாது. பெரியவர்கள் உண்ணும் சோறும் குழம்பும் ஒவ்வா. உடலும் மூளையும் அதிவேகமாக வளரும் பருவமும் அதுவே. இக்காலத்தில் நேர்ந்த குறையைப் பின்னர் பள்ளிச் சோற்றினால் முழுதும் ஈடுசெய்ய இயலாது.

இதனை உணர்ந்தே 1980-ல் உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. மதுரை ஜில்லா கொட்டாம்பட்டி வட்டாரத்தில் முதலில் நடத்திப் பார்த்துப் பின்னர் விரித்தனர். பழைய செங்கற்பட்டு ஜில்லாவும் அதில் அடங்கியிருந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் எப்போதும் உணவு வழங்குவது அதன் முறையன்று. ஆறு முதல் முப்பத்தாறு மாதம் வரையுள்ள குழந்தைகளை ஊரிலேயே மாதந்தோறும் நிறுத்து, எடையை அட்டையில் குறித்தனர். எடை ஏறாது நின்ற குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாட்கள் தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்ந்த உருண்டை அளித்தனர். எடை ஏறியதும் நிறுத்தினர். தாயும் தன் குழந்தையின் கோடு மேலே போகிறதா, தாழ்கிறதா என்று தானே பார்த்துக் கொண்டாள். அத்திட்டத்தில் இதுவே சிறந்த பகுதி என்பது நமது கருத்து. மெலிவைத் திருஷ்டி என்றும் தோஷம் என்றும் கருதி மந்திரிக்க ஓடுவதற்கு முன், தராசு உண்மையைச் சொல்லிவிடுகிறது. பிறந்தபோதிருந்த எடை ஏறக்குறைய ஐந்தாம் மாதத்தில் இரட்டிப்பாகவும், ஓராண்டு நிறைவில் மும்மடங்காகவும் வேண்டும்.

இனி, கஞ்சியைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்வோம். குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. நீர்த்த கஞ்சியால் அது நிறைந்துவிடும். சத்தோ அதில் சிறிதே. கெட்டியாகக் காய்ச்சினால் குழந்தையால் விழுங்க இயலாது. இச்சங்கடத்துக்கு நம் பெண்மக்கள் அறிந்த வழியே உண்டு. கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, நிழலில் உலர்த்தி, இளவறுப்பாக வறுத்து மாவாக்க வேண்டும். முளைக்கும் தானியத்தில் மாச்சத்தைக் கரைக்கும் ஒரு பொருள் உண்டாகிறது. அதனால் மாவை அதிகம் போட்டாலும் கஞ்சி இளகியே நிற்கும். வறுப்பு மிகுந்தால் அக்குணம் கெட்டுவிடும். இதனுடன் பொட்டுக்கடலை மாவும், வேர்க்கடலைப் பொடியும், வெல்லமும், ஒரு கரண்டி எண்ணெயும் சேர்ப்பது நலம். வேர்க்கடலையை முழுதாகக் கொடுத்தல் ஆகாது, மூச்சுக்குழலில் சிக்கும். ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்த கடலையைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அதன் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, சிறிது சிறிதாக ஊட்டவேண்டும். நடவு, களையெடுப்புக் காலங்களில் தாய்க்கு ஓய்வு கிடையாதாகையால், இவ்வேலையைப் பாட்டியோ தகப்பனோ ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

கரையோரத்தார் நெத்திலியை மலிவு மீன் என்று இகழ வேண்டாம். வேகவைத்து, முள்ளோடு மசித்துக் கொடுத்தால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் அதிலேயே கிடைக்கும். முருங்கைக்கீரையைச் சிறிது எண்ணெய் விட்டு வேகவைத்துக் கொடுத்தால் மாலைக்கண் வராமல் காக்கும். பச்சரிசியிலும் புழுங்கலரிசியே மேலானது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள ஜீவசத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் சென்று தங்குகிறது.

இதில் சங்கம் செய்யத்தக்கது யாது? இந்தியாவின் முதல் கூட்டுறவு நாணய சங்கம் 1904-ல் பதிவாயிற்று. அது பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் ஏற்பட்டதே. பணத்துக்குக் கூடியவர்கள் ஆகாரத்துக்குக் கூட முடியாதென்பதில்லை. அங்கன்வாடிகளில் சிறு குழந்தைகளுக்கு வழங்கும் சத்துமாவைத் தயாரிப்பதும் மகளிர் தொழிற் கூட்டுறவு சங்கங்களே. அம்மாவை வாங்கி வந்து வீட்டார் அனைவரும் பங்கிட்டு உண்டால் குழந்தைக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. இதை அங்கத்தினர் தத்தம் வீட்டில் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். பால் சங்கத்தார், குழந்தையுள்ள வீட்டில் ஒரு வேளைக்கு ஓர் ஆழாக்குப் பாலாவது நிறுத்திய பின்பே அளக்க வேண்டுமென்று தங்களுக்குள் ஏற்பாடு செய்துகொள்ளலாம். தவிர, சங்கக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்த பின், அம்மாதம் எடை ஏறாத குழந்தைகள் ஊரில் எத்தனை என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டறிந்து காரியதரிசி வாசிக்கலாம். பெயர்களை வாசிக்க வேண்டுவதில்லை, எண்ணிக்கை போதும்.