சேற்றில் சக்கரம் சும்மா சுத்துதா? மிதிக்காதீங்க... நிறுத்தி 'லாக்' போடுங்க! டிப்பர் டிரைவர்கள் கவனத்துக்கு

நாமக்கல்:
மழை பெய்தால் போதும், கல்குவாரி பாதையில் டிப்பர் லாரிகள் சிக்கிக் கொள்ளும். ஒரு பக்க சக்கரம் சேற்றில் சர்ரென்று சுத்தும். வண்டி ஓர் அடி நகராது. டிரைவர் ஆத்திரத்தில் ஆக்சிலேட்டரை மிதிப்பார். குழிதான் ஆழமாகும். அந்த வேகத்திலேயே 'லாக்' சுவிட்சைத் தட்டினால் உள்ளே பல் உடையும், ஆக்சில் ஷாப்ட் முறியும். அன்றைய நடை போச்சு, படியும் போச்சு.

ஏன் நகர மாட்டேங்குது?

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்க சக்கரம் அதிக தூரம் ஓடணும். உள்பக்க சக்கரத்துக்குக் குறைவான தூரம். இதற்காகத்தான் ஹவுசிங்குக்குள் டிபரன்ஷியல் இருக்கிறது. ஆனால் அது இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுவையைத்தான் கொடுக்கும். சேற்றுச் சக்கரம் சுத்த கொஞ்சம் இழுவையே போதும். கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே கொஞ்சம்தான் கிடைக்கும்.

இரண்டு வகை லாக்

10 சக்கர டிப்பரில் பின்னால் உள்ள இரண்டு ஆக்சிலும் வண்டியை இழுக்கும். ஒரு லாக், இந்த இரண்டு ஆக்சிலையும் ஒன்றாக இணைக்கும். இன்னொரு லாக், இடது, வலது சக்கரங்களைச் சேர்த்துப் பூட்டும். எந்த லாக் இருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

எப்படிப் போடணும்?

* சக்கரம் சுத்துவதை முழுசா நிறுத்துங்க.
* கிளட்சை மிதித்து சுவிட்சைப் போடுங்க. டேஷ்போர்டில் விளக்கு எரியணும்.
* முதலில் ஆக்சில் லாக். அது போதாவிட்டால் மட்டும் சக்கர லாக்.
* ஸ்டியரிங் நேராக இருக்கட்டும். சின்ன கியரில் மெதுவாக ஏற்றுங்க.
* மேலே வந்ததும் லாக்கை எடுத்துடுங்க. விளக்கு அணையலைன்னா வண்டியை லேசாக முன்னே, பின்னே நகர்த்துங்க, விட்டுவிடும்.

மறந்துபோய் தார் ரோட்டுக்கு வந்தால் ஆபத்து. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். டயர் தேயும், ஷாப்ட்டும் முறியலாம்.

கிளீனர்களே உஷார்!

சுத்தும் சக்கரத்துக்குப் பின்னால் நிற்காதீங்க, கல் தெறிக்கும். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கிய வண்டியை கியரில் ஓட விடவே கூடாது. லாக் விழுந்திருந்தால் தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை இழுத்து ஜாக்கியில் இருந்து தள்ளிவிடும். அடியில் ஆள் இருந்தால் உயிருக்கே ஆபத்து.