மெத்தனாலும் எத்தனாலும்: பீப்பாயின் மேல் உள்ள எழுத்து

தொம்மலூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளை நாம் பெருமையோடு பேசுகிறோம். நானோ இதே தொம்மலூரில் பெயிண்டும் தின்னரும் விற்கும் வணிகன். ஆகவே பீப்பாயின் மேல் உள்ள எழுத்தைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். அந்த எழுத்தை மறைத்து விற்றதால் போன உயிர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

மெத்தனால், எத்தனால் இரண்டும் சாராய இனம். எத்தனால் குடிமதுவில் உள்ளது. மெத்தனாலோ பசை, பிசின், வார்னிஷ் தொழில்களுக்கு உரியது; கொடிய நஞ்சு. ஆனால் இரண்டுக்கும் நிறம் இல்லை. வாடையும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் தண்ணீரில் முழுதும் கலக்கும். எடை போட்டால் தெரியாதா என்பீர்கள். லிட்டருக்கு இரண்டுமே சுமார் 790 கிராம்தான்! பற்ற வைத்துப் பார்த்தாலும் இரண்டும் நீலமாகவே எரியும். கொதிநிலை மட்டும் வேறு: மெத்தனாலுக்கு 65 டிகிரி, எத்தனாலுக்கு 78 டிகிரி. அதை வீட்டில் யார் அளப்பது?

அடுத்து ஃபிளாஷ் பாயிண்ட். ஒரு திரவத்தின் ஆவி நெருப்புப் பொறி பட்டதும் குப்பென்று பற்றும் அளவுக்குச் சேரும் மிகக் குறைந்த வெப்பநிலை இது. மண்ணெண்ணெய்க்கு 35 டிகிரிக்கு மேல். மெத்தனாலுக்கோ சுமார் 11, எத்தனாலுக்குச் சுமார் 13. நம்ம பெங்களூரில் மார்கழி விடியலில்கூட பெரும்பாலும் அதைவிடச் சூடுதான். ஆக, மூடி திறந்த மெத்தனால் டப்பா எந்நேரமும் பற்றத் தயாராக நிற்கிறது. பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்கும் சரியாகத் தெரியாது.

இதனால்தான் ஐ.நா. வகைப்பாட்டில் இரண்டும் மூன்றாம் வகுப்பு, அதாவது எளிதில் தீப்பற்றும் திரவம். அடையாளம், சுடர் வரைந்த சிவப்புச் சாய்சதுரம். எத்தனாலின் எண் 1170. மெத்தனாலின் எண் 1230. அதற்கு மட்டும் கூடுதலாக 6.1 என்ற நச்சு வகுப்பும் உண்டு. வெள்ளைச் சாய்சதுரத்தில் மண்டை ஓடு இருக்கும். கண்ணும் மூக்கும் தராசும் காட்டாத வேற்றுமையை இந்த ஒரு சீட்டு காட்டிவிடுகிறது.

உடலுக்குள் போனால் ஈரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்குகிறது. 30 மில்லிகூட உயிரைப் பறிக்கலாம். பல சமயம் அரை நாள், ஒரு நாள் கழித்தே பார்வை மங்கும், மூச்சு வாங்கும். இடையில் "ஒன்றும் ஆகவில்லையே" என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். உடனே பெரிய மருத்துவமனைக்குப் போனால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் உண்டு.

1981 ஜூலையில் இதே பெங்களூரில் நச்சுச் சாராயம் 300க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரண்டிலும் கலந்திருந்தது மெத்தனால். பீப்பாயில் இருந்தவரை மண்டை ஓடு எச்சரிக்கும். பாக்கெட்டில் ஊற்றியதும் எச்சரிக்கை போய்விட்டது, நஞ்சு மட்டும் மிஞ்சியது.

சமண நூல்கள் இல்லறத்தாருக்கு விலக்கிய வாணிகங்களில் நஞ்சு வாணிகமும் ஒன்று. தொழிலுக்கு வேண்டிய பொருளை விற்கத்தான் வேண்டும். ஆனால் சீட்டைக் கிழித்து விற்பது நஞ்சு வாணிகமே என்பது என் கருத்து. நீங்களும் தின்னரைத் தண்ணீர் பாட்டிலில் வாங்காதீர்கள். வீட்டில் வேறு பாட்டிலுக்கு மாற்றவும் வேண்டாம். அடுப்பு, விளக்கு அருகே வைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அந்த இரண்டு சாய்சதுரங்களையும் காட்டி வையுங்கள். அவ்வளவுதான்.