கையடக்க கேமிங் கணினி: எதில் செலவழிக்கலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்?

2022 பிப்ரவரி கடைசியில் ஸ்டீம் டெக் விற்பனைக்கு வந்தபோது அதற்கு மூன்று விலைகள் இருந்தன: 399, 529, 649 டாலர். மூன்றிலும் ஒரே ஏஎம்டி சில்லு, ஒரே 16 ஜிபி ராம், ஒரே 7 அங்குலத் திரை, ஒரே 40 வாட்-மணி பேட்டரி. விலை அதிகமான ரகத்தில் திரைக் கண்ணாடி வெளிச்சத்தில் கூசாது. மற்றபடி பெரிதாக மாறியது சேமிப்பிடம் மட்டும்தான்: 64, 256, 512 ஜிபி. அந்தச் சேமிப்பிடமோ, பின்மூடியைக் கழற்றினால் ஒரே ஒரு திருகில் நிற்கிற, தபால்தலை அளவுப் பலகை. 250 டாலர் வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்தத் திருகுக்கு அடியில்தான் இருந்தது.

தயாரித்த வால்வ் நிறுவனம் இதை மறைக்கவும் இல்லை. கருவி கைக்கு வரும் முன்பே, 2021 அக்டோபரில், அதை எப்படித் திறப்பது என்று தானே ஒரு காணொளி வெளியிட்டது. "நாங்கள் திறக்கச் சொல்லவில்லை, ஆனால் பொருள் உங்களுடையது" என்ற தொனியில் இருந்தது அந்தக் காணொளி. பிறகு உதிரிபாகங்களை ஐஃபிக்ஸிட் நிறுவனம் வழியாக விற்கவும் ஏற்பாடு செய்தது.

பட்ஜெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வகைக் கருவி வாங்குகிறவர்கள் போட வேண்டிய கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. பின்னால் மாற்ற முடியாத பாகங்களுக்கு இன்றே பணம் கொடுங்கள். மாற்ற முடிகிற பாகங்களுக்கு வசதிப்படும்போது கொடுத்துக்கொள்ளலாம்.

மாற்ற முடியாதவை எவை? சில்லும் ராமும் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டவை. லேப்டாப்பில் போல நாளை இன்னொரு ராம் குச்சியைச் செருகலாம் என்ற பேச்சே இங்கே கிடையாது. சார்ஜர் செருகும் யுஎஸ்பி-சி துளையும் அதே பலகையில்தான் இருக்கிறது. திரையையும் பேட்டரியையும் மாற்றலாம். ஆனால் திரை விலை அதிகம், பேட்டரியைப் பலமான பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள், வீட்டில் நெம்பிப் பார்க்கிற வேலை அல்ல அது. எளிதாக மாற்றக்கூடியவை இரண்டு: சேமிப்பிடமும், கட்டைவிரலால் அசைக்கும் ஜாய்ஸ்டிக்குகளும். ஜாய்ஸ்டிக் ஒவ்வொன்றும் மூன்று திருகில் நிற்கும் தனிப் பாகம். தேய்மானம் குறைவான, காந்தப்புலத்தால் இயங்கும் மாற்று ஜாய்ஸ்டிக்குகளும் சந்தையில் இருக்கின்றன.

2023 நவம்பரில் வால்வ் ஓஎல்இடி திரை கொண்ட ரகத்தைக் கொண்டுவந்தது. 512 ஜிபி 549 டாலர், 1 டிபி 649 டாலர். திரை 7.4 அங்குலம், பேட்டரி 50 வாட்-மணி, எடை 669 கிராமிலிருந்து சுமார் 640 கிராமாகக் குறைந்தது. சில்லின் வேகம் ஏறக்குறைய அதேதான். அதனால் இந்த ரகத்தில் விளையாட்டு வேகமாக ஓடும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள். கூடுதல் பணம் போவது திரைக்கும் பேட்டரிக்கும். இரண்டுமே பின்னால் எளிதில் மாற்ற முடியாதவை. தினமும் பேருந்திலோ ரயிலிலோ நெடுநேரம் விளையாடுபவருக்கு அந்தப் பணம் தகும். வீட்டில் சார்ஜர் பக்கத்திலேயே உட்கார்ந்து விளையாடுபவருக்குப் பழைய எல்சிடி ரகம் போதும். அந்த எல்சிடி ரகத்தின் உற்பத்தியை 2025 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். எனவே இனி அது பழைய பொருளாகத்தான் கிடைக்கும்.

இந்தியாவில் வால்வ் ஸ்டீம் டெக்கை அதிகாரப்பூர்வமாக விற்பதில்லை. இங்கே கிடைப்பவை யாரோ தனியாகக் கொண்டுவந்தவை. வால்வின் உத்தரவாதம் இந்தியாவில் செல்லாது, விற்றவர் தருவதாகச் சொல்லும் உத்தரவாதம் அவருடைய வாய்ச்சொல் அளவுக்குத்தான் மதிப்பு. சிங்கப்பூரில் மாமா இருக்கிறார், துபாயில் அண்ணன் இருக்கிறார், வாங்கிவரச் சொல்லலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த ஊர்களிலும் வால்வ் நேரடியாக விற்பதில்லை. அங்கே வாங்கினாலும் இதே நிலைமைதான். லண்டனிலோ டொரொன்டோவிலோ சொந்தம் இருந்தால் கதை வேறு. அங்கே நேரடி விற்பனை உண்டு. பழுது பார்த்துச் சோதித்த பழைய கருவிகளையும் வால்வே ஓராண்டு உத்தரவாதத்தோடு அவ்வப்போது விற்கிறது. 2023-ல் அது தொடங்கியபோது 64 ஜிபி ரகம் 319 டாலருக்குக் கிடைத்தது. ஆனால் இருப்பு வந்த வேகத்தில் தீர்ந்துவிடும்.

இங்கேயே பில்லோடு, சர்வீஸ் சென்டரோடு வேண்டும் என்பவருக்கு விண்டோஸில் ஓடும் கருவிகள் இருக்கின்றன. அசூஸின் ஆர்.ஓ.ஜி. அல்லை 2023 ஜூலையில் 69,990 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்தது. டெக்கைவிட வேகமான சில்லு, கூர்மையான திரை. பேட்டரி அதே 40 வாட்-மணி என்பதால் முழு வேகத்தில் ஓட்டினால் சீக்கிரம் காலியாகும். அதில் மெமரி கார்டு செருகும் பகுதி சூட்டினால் பழுதாகக்கூடும் என்று அசூஸே அந்த மாதம் ஒப்புக்கொண்டது. பழைய அல்லை வாங்கும்போது ஒரு கார்டைச் செருகிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். அடுத்து வந்த அல்லை எக்ஸில் பேட்டரி 80 வாட்-மணி, ராம் 24 ஜிபி. விலையும் அதற்கேற்ப ஏறியது.

பழைய கருவி வாங்கும்போது குறைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜாய்ஸ்டிக் தானாக ஒரு பக்கம் நகர்கிறதா, சேமிப்பிடம் 64 ஜிபிதானா, இவை பேரம் பேச உதவும் குறைகள். அவற்றைக் காட்டி விலையைக் குறையுங்கள். திரையில் நிரந்தரப் புள்ளி, சார்ஜர் செருகினால் ஆடுகிற துளை, வலுவிழந்த பேட்டரி, இவற்றில் ஒன்று இருந்தாலும் எழுந்து வந்துவிடலாம். பேட்டரியின் நிலையை விற்பவரிடம் கேட்க வேண்டியதில்லை. டெக்கை டெஸ்க்டாப் நிலைக்கு மாற்றி, இன்ஃபோ சென்டரில் எனர்ஜி பகுதியைத் திறந்தால், பேட்டரி புதிதில் எவ்வளவு கொண்டது, இப்போது எவ்வளவு கொள்கிறது என்று இரண்டு எண்களும் தெரியும். 40-க்கு 38 என்றால் நல்லது. 30 என்றால் யோசியுங்கள். பின்பக்கம் இருக்கும் நான்கு பொத்தான்களையும், இரண்டு தொடுதளங்களையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். விற்பவர்கள் இவற்றைத்தான் சொல்ல மறப்பார்கள். பின்மூடித் திருகுகளின் தலை மழுங்கியிருந்தால் யாரோ ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஆனால் எதற்காக என்று கேட்கலாம். கடைசியாக, ஒரு கனமான விளையாட்டைப் பத்து நிமிடம் ஓட்டவிட்டு மின்விசிறியின் சத்தத்தைக் கேளுங்கள். முதல் கட்டத்தில் வந்த டெக்குகளில் சிலவற்றின் விசிறி கொசு ரீங்காரம் போடும்.

இனி சேமிப்பிடம். 64 ஜிபியில் என்னதான் பிடிக்கும்? ஸ்டார்டியூ வேலி 500 எம்பி இடம் கேட்கிறது. பால்டர்ஸ் கேட் 3 கேட்பது 150 ஜிபி. பெரிய விளையாட்டுகளைத் தொடாதவர்களுக்கு 64 ஜிபியும் ஒரு நல்ல மைக்ரோ எஸ்டி கார்டும் உண்மையிலேயே போதும். டெக் அந்தக் கார்டிலிருந்தே விளையாட்டை நேராக ஓட்டும். திறக்கும்போது கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். கார்டின் வேகத்துக்கு டெக்கின் துளை நொடிக்கு 100 எம்பி அளவில் வரம்பு வைத்திருப்பதால், அதற்கு மேல் வேகம் என்று விளம்பரம் செய்யும் விலையுயர்ந்த கார்டு வீண் செலவு. போலிக் கார்டுகள் ஏராளமாகப் புழங்குகின்றன. 512 ஜிபி என்று அச்சிட்டிருக்கும், உள்ளே 32 இருக்கும். வாங்கிய அன்றே எஃப்3 போன்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள்.

கார்டு இருந்தாலும் 64 ஜிபி ரகத்தில் ஒரு தொந்தரவு மிஞ்சும். விளையாட்டு கார்டில் இருந்தாலும், அதன் காட்சிகளுக்காக முன்கூட்டியே தயாரித்து வைக்கும் ஷேடர் கோப்புகள் உள் சேமிப்பிடத்தில்தான் குவியும். பத்துப் பதினைந்து விளையாட்டு சேர்ந்ததும் இடமில்லை என்று கருவி புலம்பத் தொடங்கும். அந்தக் கட்டத்தில்தான் உள்ளே இருக்கும் சேமிப்பிடப் பலகையை எடுத்துவிட்டுப் பெரிய எஸ்எஸ்டி மாட்ட வேண்டிவரும்.

கடையில் கேட்கும்போது அளவைச் சொல்லிக் கேளுங்கள். எம்.2 வகை எஸ்எஸ்டியின் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் அகலம், மீதி நீளம், மில்லிமீட்டரில். சென்னை ரிச்சி தெருவில் வெறுமனே எஸ்எஸ்டி என்று கேட்டால் லேப்டாப்புக்கான 2280-ஐத்தான் எடுத்து வைப்பார்கள்; 80 மி.மீ. நீளமுள்ள அது டெக்குக்குள் நுழையாது. டெக்குக்கும் முதல் அல்லைக்கும் தேவை 2230. லீஜியன் கோ என்ற இன்னொரு கையடக்கக் கருவிக்கு 2242. அல்லை எக்ஸில்தான் லேப்டாப் அளவே பொருந்தும். டெக்கில் 2242-ஐ எப்படியோ திணித்துவிட்டோம் என்று சிலர் காட்டியபோது, வால்வின் வடிவமைப்பாளரே வேண்டாம் என்று பொதுவெளியில் எச்சரித்தார். அவை அதிக மின்சாரம் இழுக்கும், சூடும் கூடும் என்பது காரணம். இன்னொன்று: டெக்கின் எஸ்எஸ்டி துளை மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் வேகத்தில்தான் ஓடும். நான்காம் தலைமுறை எஸ்எஸ்டி வேலை செய்யும், ஆனால் அந்தக் கூடுதல் வேகத்துக்குக் கொடுத்த காசு திரும்பாது. சர்ஃபேஸ் போன்ற கணினிகளிலிருந்து கழற்றிய 2230-களும் சந்தைக்கு வருகின்றன. கடைக்காரரையே ஒரு கணினியில் மாட்டி ஆயுள் சதவீதத்தைக் காட்டச் சொல்லுங்கள். 2025 இறுதியிலிருந்து ஏஐ மையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியிருக்கிறது. எனவே 2 டிபி ஆசையைத் தள்ளி வையுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 512 ஜிபியே தாராளம்.

மாற்றும் வேலை நிதானமாகச் செய்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். கருவியைத் தொடும் முன் மைக்ரோ எஸ்டி கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். மறந்தவர்களின் கார்டு, மூடியை நெம்பும்போது சரிபாதியாக முறிந்திருக்கிறது. பேட்டரி 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கட்டும். பிறகு ஒலி கூட்டும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்துப் பிடித்து, வரும் அமைப்புத் திரையில் பேட்டரி ஸ்டோரேஜ் மோடைத் தேர்ந்தெடுத்தால் கருவி முழுதாக உறங்கிவிடும். எல்சிடி டெக்கின் முதுகில் எட்டுத் திருகுகள்; நான்கு நீளம், நான்கு குட்டை. எது எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் வரைந்து அங்கேயே வையுங்கள். மூடியைக் கழற்ற நகமோ பழைய ஏடிஎம் கார்டோ போதும், கத்தி வேண்டாம். உள்ளே உலோகத் தகடு ஒன்று மூன்று திருகில் நிற்கும். அவற்றில் ஒன்று வெள்ளி நிற ஒட்டுக்கு அடியில் ஒளிந்திருப்பதால் பலர் தகட்டை இழுத்து வளைத்துவிடுகிறார்கள். தகடு வந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். அதன் பிறகுதான் எஸ்எஸ்டி திருகு.

திருகை எடுத்ததும் பலகை தானே சாய்வாக எழும். அதன்மேல் மெல்லிய உலோக உறை ஒன்று சுற்றியிருக்கும். அதைக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். மின்காந்தக் குறுக்கீட்டைத் தடுக்க வைத்தது அது, உருவிப் புதிய எஸ்எஸ்டிக்கு மாட்டவேண்டும். திரும்ப மூடும்போது முறுக்கில் கவனம் தேவை. எல்சிடி ரகத்தில் திருகுகள் பிளாஸ்டிக்கில்தான் பிடிக்கின்றன, அழுத்தினால் மரை அழிந்துவிடும். ஓஎல்இடி ரகத்தில் உலோக மரை வைத்து இந்தக் குறையைத் தீர்த்திருக்கிறார்கள், ஆனால் அதற்கு நட்சத்திரத் தலை ஸ்க்ரூடிரைவர் தேவை.

மூடியபின் சார்ஜரைச் செருகினால்தான் கருவி விழிக்கும். டெக்கின் இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ்ஸின் மீட்புக் கோப்பை வால்வின் தளத்திலிருந்து இலவசமாக எடுத்து, குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, யுஎஸ்பி-சி ஹப் வழியாகச் செருகி, ஒலி குறைக்கும் பொத்தானையும் பவரையும் பிடித்தால் பென்டிரைவிலிருந்து எழும். திரையில் ரீஇமேஜ் என்பதைத் தட்டினால் மீதி தானாக நடக்கும். அதே ஹப் பிறகு டிவியோடு இணைக்கவும் உதவும். டாக் என்ற பெயரில் தனியாக வாங்கத் தேவையில்லை.

இத்தனைக்கும் முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் ஓடுவது வேலரன்ட், ஃபோர்ட்நைட், பப்ஜி, கால் ஆஃப் டியூட்டி என்றால் ஸ்டீம்ஓஎஸ் கருவியை எடுக்கவே வேண்டாம். அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு ஏற்பாடு, ஸ்டீம்ஓஎஸ்ஸுக்கு அடிப்படையான லினக்ஸில் விளையாட விடாது. ஜிடிஏ ஆன்லைனும் அபெக்ஸ் லெஜண்ட்ஸும் 2024-ல் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. தனியாக ஆடும் விளையாட்டுகள், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 என்றால் கவலையில்லை. பிள்ளைக்கு வாங்கித் தருகிற பெற்றோர் இந்த ஒரு விஷயத்தைப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு வாங்கினால் பாதிச் சண்டை மிச்சம்.

கழற்றிய பழைய 64 ஜிபி பலகையை உறையில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருங்கள். புதிய எஸ்எஸ்டி என்றாவது கைவிட்டால், அதைத் திரும்ப மாட்டி அன்றைக்கே கருவியை ஓட்டலாம்.