உஷார்! "இங்க எல்லாரும் சௌக்கியம்" என்று பண்டிகை போன் வந்தால்...

தீபாவளிக்கு ஊரிலிருந்து வருகிற போனை அப்படியே நம்பிவிடாதீர்கள். எழுதும்போதே கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் துபாய், குவைத், சிங்கப்பூர், நியூ ஜெர்சி என்று பரவிக் கிடக்கும் நம்மவர்களுக்கு வருடா வருடம் நடப்பதைப் பார்த்தால் வேறு மாதிரி சொல்லத் தோன்றவில்லை. அப்பாவுக்குப் புரட்டாசிக் கடைசியிலேயே நெஞ்சு வலி வந்திருக்கும். ஆஞ்சியோ எடுத்து ஸ்டென்ட்கூட வைத்திருப்பார்கள். "பாவம், புள்ள அங்க தனியா கெடக்கு. நல்ல நாள் அதுவுமா எதுக்குச் சொல்லிக்கிட்டு, பண்டிகை முடியட்டும்" என்று கூடத்தில் உட்கார்ந்து பேசி முடித்திருப்பார்கள். பண்டிகையும் முடியும். சில வீடுகளில் அதற்குள் எல்லாமே முடிந்திருக்கும்.

மற்ற நாளில் இந்த ரகசியம் தங்காது. அத்தையோ பக்கத்து வீட்டுக்காரரோ யாராவது உளறிக்கொட்டிவிடுவார்கள். பண்டிகை வந்துவிட்டால் மொத்தக் குடும்பமும் ஒரே வாயாகப் பேசும். உங்கள் மேல் உள்ள பாசத்தில்தான் மறைக்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. அந்தப் பாசம்தான் இங்கே ஆபத்து.

எப்படிக் கண்டுபிடிப்பது? வீடியோ கால் திடீரென்று வெறும் கால் ஆகும். "நெட் சரியில்லப்பா" என்பார்கள். அம்மாவைக் கேட்டால் கோவிலுக்குப் போயிருப்பார், மறுநாள் கேட்டால் தூங்கிக்கொண்டிருப்பார், அதற்கு மறுநாளும் கோவில். வீடியோவில் வந்தாலும் முகம் மட்டும்தான் தெரியும். கை தெரியாது, ஏனென்றால் கையில் வென்ஃப்ளான் ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். பின்னால் ஓடும் மின்விசிறி உங்கள் வீட்டு மின்விசிறியாக இருக்காது. தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் முறுக்கு மாவு அரைக்கப் போனதாகப் பேச்சே வராது. "இந்த வருசம் கடையில வாங்கிக்கலாம்னு இருக்கோம்" என்பார்கள். தன் வீட்டுப் பண்டிகையை விட்டுவிட்டு வரவே வராத பெரியம்மா உங்கள் வீட்டுச் சமையலறையில் நிற்பார். இதில் இரண்டு ஒன்றாகத் தெரிந்தாலே விசாரிக்க ஆரம்பித்துவிடுங்கள்.

அம்மாவிடம் விசாரிக்காதீர்கள், பயனில்லை. இப்போதே, ஒன்றும் நடக்காத இந்த நேரத்திலேயே, ஊரில் ஓர் ஆளைப் பிடித்து வையுங்கள். தங்கை வீட்டுக்காரரோ, சித்தப்பா மகனோ, தெருமுனை மருந்துக்கடைக்காரரோ, அழாமல் விஷயத்தைச் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் போதும். "யாருக்கு என்ன ஆனாலும் அன்னிக்கே எனக்குச் சொல்லணும், யார் தடுத்தாலும் சொல்லணும்" என்று அவரிடம் வாக்கு வாங்குங்கள். "சொல்லாம விட்டாத்தான் எனக்குக் கஷ்டம்" என்று பெரியவர்கள் காதிலும் போட்டு வையுங்கள். ஆஸ்பத்திரி என்று தெரிந்துவிட்டால் "எப்படி இருக்காங்க" என்று கேட்காதீர்கள். "பரவாயில்ல" என்றுதான் பதில் வரும். ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டாக்டர் வரும் நேரத்துக்கு ஸ்பீக்கரில் வந்து ஒரே கேள்வி கேளுங்கள்: "உங்க அப்பாவா இருந்தா நீங்க இன்னிக்கே கிளம்புவீங்களா?" சுற்றி வளைத்துப் பேசும் டாக்டர்கூட இதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுவார்.

இதில் வெளியே பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. சாதாரண நாளில் ஒருவர் தவறிவிட்டால், வெளிநாட்டு மகன் வந்து சேரும்வரை ஃப்ரீசர் பெட்டியில் ஒரு நாள், இரண்டு நாள் வைத்திருப்பார்கள். பண்டிகை நாளில் அந்த நாள் கணக்கு நடக்காது. தெருவில் சாவு கிடந்தால் அந்தத் தெருவுக்கே பண்டிகை இல்லை. பல கிராமங்களில் பிணம் எடுக்கும்வரை கோவில் நடைகூடத் திறக்க மாட்டார்கள். "ஊரே காத்துக்கிட்டு இருக்கு, சீக்கிரம் எடுத்துடலாம்" என்று நாலு பெரியவர்கள் வந்து நிற்பார்கள். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் புதுத்துணியோடு காத்திருக்கின்றன. ஆனால் கொள்ளி வைக்க வேண்டிய மகன் அப்போது தோஹா விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்கு உட்கார்ந்திருப்பான். ஆகவே "தீபாவளி கழிச்சுப் போனா டிக்கெட் விலை குறையும், நாலு நாள்தானே" என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு இரட்டை உஷார்.

கிளம்பலாம் என்று முடிவெடுத்த பிறகு கையைக் கட்டுவது காகிதம்தான். பாஸ்போர்ட் காலாவதி ஆக ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் திரும்பி வரும்போது தகராறு ஆகலாம். இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள். அது உங்கள் பெட்டியில் இல்லாமல் கம்பெனி லாக்கரில் இருந்தால் இன்னும் மோசம். அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது சட்டப்படி தவறு. இருந்தும் வைத்துக்கொள்கிறார்கள், நம்மவர்களும் கொடுத்துவிட்டு இருக்கிறார்கள். விடுமுறை நாளில் லாக்கர் சாவி யாரிடம் என்று தேடுவதற்கு முன்னால், ஆபீஸ் திறந்திருக்கும் நாளில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

குவைத்தில் இருப்பவர்களே, 2025 ஜூலை 1 முதல் உங்கள் கதை மாறிவிட்டது. தனியார் கம்பெனி விசாவில், அதாவது 18-ஆம் பிரிவில் இருப்பவர் நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைக்க முதலாளி ஒப்புதலோடு எக்ஸிட் பெர்மிட் வேண்டும். டிக்கெட் எடுத்துவிட்டேன், விமான நிலையம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய தைரியம் இனி செல்லாது. ஒப்புதல் தர வேண்டிய மேனேஜர் லீவில் இருந்தால் யார் தருவார் என்பதையும் கேட்டு வையுங்கள். சவூதியில் 2021 மார்ச்சிலிருந்து பெரும்பாலான தனியார் தொழிலாளிகள் எக்ஸிட் ரீ-என்ட்ரியை, அதாவது போய்த் திரும்பி வரும் அனுமதியை, அப்ஷர் என்ற அரசுச் செயலி மூலம் தாங்களே எடுக்கலாம். வீட்டு டிரைவர், வீட்டு வேலையாள், தோட்ட வேலையாள் போன்றவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்கள் கஃபீலை, அதாவது ஸ்பான்சர் முதலாளியைத்தான் கேட்க வேண்டும். அழுதுகொண்டே கிளம்பும் அவசரத்தில் ஃபைனல் எக்ஸிட் அடித்துக்கொடுத்துவிட்டால் வேலையும் போச்சு. எதில் கையெழுத்து என்று பார்த்துப் போடுங்கள்.

அமெரிக்கக்காரர்களுக்கு வேறு தலைவலி. எச்-1பி நீட்டிப்புக் காகிதம் கையில் இருக்கும், பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்ப் காலாவதி ஆகியிருக்கும். ஊருக்குப் போகலாம், திரும்பி வர ஸ்டாம்பிங் வேண்டும். 2025 டிசம்பரில் சமூக ஊடகச் சோதனையைக் காரணம் காட்டி இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகங்கள் நேர்காணல் தேதிகளை மாதக்கணக்கில் தள்ளிவைத்தன. ஊருக்கு வந்தவர்கள் வந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். கிரீன் கார்டுக்கு ஐ-485 போட்டுவிட்டு, எச்-1பி போன்ற விசாவும் செல்லுபடியாக இல்லாமல், அட்வான்ஸ் பரோல் என்ற முன் அனுமதியும் வாங்காமல் வெளியே போனால், அந்த விண்ணப்பத்தையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். இதை விமானம் ஏறுவதற்கு முந்தின ராத்திரி வக்கீலிடம் கேட்டு என்ன பிரயோஜனம்? அப்பா அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டதா, இந்தக் கேள்வியை இந்த வாரமே கேளுங்கள்.

சரி, சென்னை வந்து இறங்கிவிட்டீர்கள். திருநெல்வேலிக்கு எப்படிப் போவீர்கள்? தீபாவளிக்கு முந்தின இரண்டு நாள் ரயிலில் இடம் இருக்காது. ஆம்னி பஸ் கட்டணம் வாயைப் பிளக்க வைக்கும். கிளாம்பாக்கத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பீர்கள், தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை கார் நகராது. வளைகுடாவிலிருந்து நாலு மணி நேரத்தில் சென்னை வந்தவர், ஊர் போய்ச் சேரப் பன்னிரண்டு மணி நேரம் ஆக்குவது இப்படித்தான். திருச்சிக்கோ மதுரைக்கோ நேர் விமானம் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள், நாலு காசு கூடினாலும் பரவாயில்லை. கடைசி வண்டிக்கு ஊரில் தெரிந்த டிரைவர் ஒருவரின் நம்பரையும் வைத்திருங்கள்.

பணம் அனுப்புவதில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. "உங்கம்மா கீழ விழுந்துட்டாங்க, அட்மிஷனுக்கு உடனே பணம் கட்டணும்" என்று புது நம்பரிலிருந்து வரும் செய்தி எல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது இல்லை. பாசம் பொங்கி நிற்கும் நாள், நேர வித்தியாசம், பதறும் மனசு இவையெல்லாம் மோசடிக்காரனுக்கு அல்வா. குரலைக்கூடப் போலியாகச் செய்கிற காலம் இது. முன்னே சொன்ன அந்த ஊர்க்காரரை அழைத்து உறுதிப்படுத்தாமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். பணம் போய்விட்டால் ஊரில் இருப்பவரை விட்டு உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் கொடுக்கச் சொல்லுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிவிடும். நிஜமாகவே கட்ட வேண்டியிருந்தால் வங்கி விடுமுறை என்று பயப்பட வேண்டாம். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகின்றன. உங்கள் என்ஆர்இ கணக்கிலிருந்து நேரே ஆஸ்பத்திரி கணக்குக்கே அனுப்பலாம். ஆனால் புதுக் கணக்கைச் சேர்த்தால் முதல் நாள் சிறு தொகைதான் என்று பல வங்கிகளில் கட்டுப்பாடு உண்டு. ஆகவே கூடப் பிறந்தவர் கணக்கையாவது இப்போதே சேர்த்து வையுங்கள்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது வெளிநாட்டில் நாம் பண்டிகை கொண்டாடலாமா என்று பலர் கேட்கிறார்கள். குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாமி கும்பிட்டு, ஒரு இனிப்பு கொடுப்பதில் யாருக்கும் குறையில்லை. தாத்தாவுக்குத் தெரிந்தால் அவரே அதைத்தான் சொல்வார். தமிழ்ச் சங்கத்து விருந்துக்குப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம். ஸ்டேட்டஸ் மட்டும் வேண்டாம். ஐசியூ வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ராத்திரி மூன்று மணிக்குச் சார்ஜ் இல்லாத போனோடு உட்கார்ந்திருக்கிற அண்ணன், நீங்கள் பட்டுப் புடவையும் பிரியாணியுமாகச் சிரிப்பதைப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். ஆறு மாதம் கழித்து வீட்டு மனைப் பேச்சு வரும்போது அண்ணி சொல்வார். குடும்பத்தாருக்கு மறைத்துப் போடலாமே என்று புத்திசாலித்தனம் காட்டாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு மச்சினன் எப்போதும் உண்டு. யாராவது தவறி வருடம் திரும்பாத வீடாக இருந்தால் இன்னும் கவனம். ஊரில் எண்ணெய்ச் சட்டி வைக்காமல் சொந்தக்காரர் கொண்டு வரும் பலகாரத்தோடு இருப்பார்கள், நீங்கள் அங்கே நாலு வகை சுட்ட படம் போனால் அது வருடக்கணக்கில் பேசப்படும்.

நீங்கள் மறைப்பதும் இதே கணக்கில்தான் சேரும். செப்டம்பரில் வேலை போயிருக்கும், எச்-1பிக்கு அறுபது நாள்தான் அவகாசம், ஊரில் யாருக்கும் தெரியாது. "பண்டிகைக்கு அனுப்பாம இருந்தா நல்லாருக்காது" என்று கிரெடிட் கார்டைத் தேய்த்து அம்மாவுக்குப் பத்தாயிரம் போடுவீர்கள். அம்மா அந்தப் பணத்தில் தங்கைக்குச் சீர் வாங்குவார். தம்பியிடமாவது சொல்லித் தொலையுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைப் படித்து முடித்த கையோடு செய்ய வேண்டியது. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் பேச முடியாது என்பது உங்களுக்குத் தெரியும், உங்கள் அம்மாவுக்கு நினைவிருக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு அவர் வாட்ஸ்அப்பிலேயே திரும்பத் திரும்ப அடிப்பார், உங்கள் பக்கம் பேச்சு எடுக்காது. சாதாரண போனில் அடிக்கலாம் என்றால் அவருடைய ப்ரீபெய்டு சிம்மில் ஐஎஸ்டி இருக்காது. அந்தச் சிம்முக்கும் உங்கள் ஊர்க்காரர் சிம்முக்கும் ஐஎஸ்டி போட்டு, ஒருமுறை உங்களுக்கு அடிக்கச் சொல்லி மணி அடிக்கிறதா என்று பாருங்கள். ரூம்மேட் நம்பரையும் நாட்டுக் கோடோடு எழுதிக் கொடுங்கள். இன்றைக்கே.