மத்தளம் ஒன்று, தாளவழி மூன்று

'சுருதி மாதா, லயம் பிதா' என்பது இசைவாணர் வழக்கு. குடும்பம் பிரியுங்கால் பிதா யார் பங்கில் நிற்பார் என்னும் வினா இசைக்கும் உரியதே. ஒரு மக்கட் கூட்டம் நிலத்தாலோ சமயத்தாலோ மொழியாலோ பிரிந்தபின், அவர்தம் பொதுவான தாளம் யாதாகின்றது? சொல் மாறியதை ஏடுகள் காட்டும். தாளம் மாறியதை ஏட்டிற் காண்டல் அரிது. ஆதலின் அதனை ஆடுவோர் காலிலும் அடிப்போர் கையிலும் தேடுதல் வேண்டும்.

இவ்வினாவுக்கு அண்மைக்காலச் சான்று கொரியா. 1945 இல் 38 ஆம் அகலக்கோட்டிற் பிளவுண்ட அந்நாட்டில், 1953 இன் போர்நிறுத்தத்தின் பின் இரு பகுதிக் கலைஞரும் ஒருவரையொருவர் கேட்கும் வாய்ப்பைப் பெரும்பாலும் இழந்தனர். அவர்தம் தாள வடிவங்களுக்குச் 'சாங்தான்' என்று பெயர். நெடுமையும் குறுமையும் என்பது அச்சொல்லின் பொருள். தெற்கில் உழவர் குழுவினர் முற்றத்தில் ஆடிக்கொண்டே அடித்த தாளங்களை, 1978 இல் தோன்றிய 'சமுல்நோரி' என்னும் நால்வர் குழு அரங்கில் அமர்ந்து அடிக்கலாயிற்று. கால் ஓய்ந்தது, கையின் விரைவும் நுணுக்கமும் பெருகின. வடக்கிலோ பழங்கருவிகள் திருத்தப்பட்டு மேனாட்டுக் கருவிகளோடு ஒரே குழுவிற் சேர்க்கப்பட்டன. பலர் ஒருங்கே இசைக்கும் ஒழுங்கு மேலோங்கியது. தெற்கிலே 'செமாச்சி' எனப்படும் தாளம் வடக்கிலே 'யாங்சான்தோ' என்று ஒரு பாட்டின் பெயரால் வழங்குகின்றது. தாளத்தின் பெயருங்கூடப் பிரிந்துவிட்டது!

இதனினும் அணித்தாய சான்று நம் தீவிலேயே உண்டு. அது நாட்டுக்கூத்து. ஈழத்தின் கூத்து மரபுகளுக்கு மத்தளமே உயிர்; அதனை இயக்குபவர் அண்ணாவியார். அந்த மத்தளம் மூன்று கரைகளில் மூன்று வழிகளிற் சென்ற வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

முதலாவது மட்டக்களப்பு வழி. அங்கே கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். வட்டக்களரியைச் சூழ மக்கள் அமர்ந்திருக்க, அண்ணாவியார் சொல்லும் தாளக்கட்டுக்குக் கூத்தர் அடியெடுத்து வைப்பர். பாட்டு முடியுமிடத்துத் தாளம் விரைவுறும். கூத்தர் சுழன்றாடி ஓய்வர். பாட்டிற் பிழை நேர்ந்தால் பக்கப்பாட்டுக்காரர் தாங்கிக்கொள்வர். காலிற் பிழை நேர்ந்தால் மறைக்க இடமில்லை. ஆகவே தாளத்தின் காவலாகக் காலே நின்றது. களரி ஏறுவதற்கு முன் பல மாதம் பழக்கும் வழக்கமும் இதனாலேயே நிலைத்தது.

இரண்டாவது எங்கள் மன்னார்க் கரையின் வழி. 1560 இல் போர்த்துக்கீசர் மன்னாரைக் கைப்பற்றினர். கத்தோலிக்க சமயம் வேரூன்றிய இக்கரையில், கூத்தின் வடிவம் தங்கிப் பொருள் மாறியது. பாரதப் போர் நின்ற இடத்தில் புனிதர் வரலாறும் அயல்நாட்டு மன்னர் கதையும் புகுந்தன. 'எண்டிறீக்கு எம்பரதோர்' என்னும் நாடகப் பெயரிலேயே பேரரசன் என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல் ஒலிக்கின்றது. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இருபாங்கும் இங்கு வழங்கின. இவற்றிலே ஆட்டம் காலப்போக்கிற் சுருங்கியது, பாட்டு விரிந்தது. பக்தியும் புலம்பலும் நீட்டிப் பாடப்படுவன. கால் நடையளவில் அடங்கவே, மத்தளம் பாடகன் மூச்சைப் பின்தொடரக் கற்றது. மட்டக்களப்பிலே காலை அழைத்த தாளம் மன்னாரிலே குரலைத் தாங்கும் தாளமாயிற்று. இதனைத் தேய்வு என்பாரும் உளர். காலில் இழந்ததைக் குரலில் ஈட்டிய மாற்றம் என்பதே எம் கருத்து.

மூன்றாவது சிங்கள வழி. கத்தோலிக்கர் வாழும் மேற்குக் கரையின் வழியே இக்கலை தெற்கு நோக்கிச் சென்று, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சிங்கள 'நாடகம' எனத் தழைத்தது. மன்னாரின் 'மூவிராசாக்கள்' கதை அங்கே 'ராஜ துன் கட்டுவ' ஆயிற்று. இன்னிசை 'இன்னிசய' என்றும், சிந்து 'சிந்து' என்றும், விருத்தம் 'விருத்தம' என்றும் அம்மொழியிற் குடியேறின. மத்தளத்துக்கு அங்கு வழங்கும் மற்றொரு பெயர் 'தெமள பெரய', அதாவது தமிழ் முழவு. 1956 ஆம் ஆண்டு ஈண்டு நினைக்கத்தக்கது. தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியது அவ்வாண்டிலே. அந்த 'தமிழ் முழவு' ஒலிக்க, பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரரின் 'மனமே' கொழும்பிலே அரங்கேறியதும் அவ்வாண்டு நவம்பரிலே. இரவு முழுதும் நீண்ட நாடகம் சில மணி நேரத்துள் அடங்கியது. பிரிவுக்கும் நுழைவுக்கும் இடையிலுள்ள நீண்ட சுற்றுக்கள் குறைந்தன. தாளம் கதையின் விரைவுக்கு அடங்கியது. காலுக்கும் குரலுக்கும் உரியதாயிருந்த மத்தளம் அங்கே அரங்கக் கட்டுக்கோப்புக்கு உரியதாயிற்று. சட்டம் மொழிகளைப் பிரித்த ஆண்டிலும் முழவு தன் பெயரை மறக்கவில்லை.

பேராதனையிற் சரச்சந்திரரின் பணியை அருகிருந்து கண்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன், தமிழ்க்கூத்தை மீண்டும் மேடையேற்ற முனைந்தார். 'கர்ணன் போர்' 1962 இலும் 'நொண்டி நாடகம்' 1963 இலும் 'இராவணேசன்' அதனையடுத்தும் அங்கு அரங்கேறின. மன்னார் நாடகங்களையும் அவர் பதிப்பித்து அச்சேற்றினார். அப்பதிப்புக்கள் இல்லையேல் அப்பாடல்களுள் பல நமக்குக் கிட்டாமற் போயிருக்கும்.

ஆயினும் அச்சேறியது சொல்லே. இவ்வுண்மையை யான் வகுப்பறையிற் கற்றேன். சில ஆண்டுகளின் முன் எம் பாடசாலை மாணவரிடம் நாடகநூல் ஒன்றைக் கொடுத்து ஒரு தருவைப் பாடச் சொன்னேன். எழுத்துப் பிழையின்றிப் படித்தனர். ஆனால் தாங்கள் அறிந்த சினிமாப் பாட்டின் தாளத்திலே அதனைப் பாடினர். பேரனை அழைத்துச் செல்ல வந்த முதியவர் ஒருவர் வாயிலில் நின்று கேட்டுவிட்டு, 'அப்பிடியில்லை வாத்தியார்' என்று கூறி, மேசைமேல் விரலால் தட்டிக் காட்டினார். அவர் ஆடியவருமல்லர், அண்ணாவியாருமல்லர். இளமையிற் பல இரவுகள் விழித்திருந்து கேட்டவர். அத்தட்டிலே, நூலில் இரண்டு வரியாய் நின்றது நான்கு மூச்சாய் விரிந்தது. யான் வியந்து நின்றேனேயன்றிப் பதிவு செய்தேனல்லேன். கைத்தொலைபேசி என் சட்டைப் பையிலேயே இருந்தது. அப்பெரியவர் இன்று இல்லை. அத்தவறு என்னுடையது.

2009 இல் முடிவுற்ற போர்க்காலத்தில் மாந்தைப் பெருநிலத்து ஊர்கள் பல வெறுமையாயின. திரும்பி வந்தோர் வீட்டையும் வயலையும் மீட்டனர். களரியைக் கேட்டறிந்த செவிகளோ ஆண்டுதோறும் குறைகின்றன. கொரியாவில் அரசுகள் இரண்டும் தத்தம் வழியிலேனும் தாளத்தை எழுதிவைத்தன. நம்மிடையே அது இன்னும் முதியோர் விரல் நுனியிலேயே உள்ளது.

ஆகவே இம்மலரைப் படிக்கும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். தாளம் பிரிதல் கேடன்று. காலுக்கும் குரலுக்கும் அரங்குக்குமாகப் பிரிந்த மத்தளம் மூன்று செல்வங்களை ஈந்தது. கேட்பாரற்றுப் போதலே கேடு. உங்கள் ஊரில் கூத்துப் பார்த்த முதியவர் ஒருவர் இருப்பின், அடுத்த விடுமுறையில் அவர்முன் அமருங்கள். ஒரு தருவின் முதலடியைப் படித்துக் காட்டுங்கள். அவர் விரல் அசையும்போது பதிவு செய்யுங்கள்.