முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டியாச்சா? பைக்கை எடுக்கும் முன் இதையெல்லாம் செக் பண்ணுங்க!

டியூப் டயரில் பஞ்சர், புது டயர், பேரிங் சத்தம்... காரணம் எதுவாக இருந்தாலும் பைக்கின் முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது சின்ன வேலைதான். ஆனால், பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. மாட்டுவதில் நடக்கும் சின்னத் தவறுகூட நடுரோட்டில்தான் தெரியவரும்.

வேலையை மெக்கானிக்கே செய்தாலும், பக்கத்தில் நிற்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மாட்டும் முன்...

டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால், வண்டி முன்னே போகும்போது சக்கரம் சுற்றும் திசையை அது காட்ட வேண்டும். ஆக்சிலைத் துடைத்து, லேசாக கிரீஸ் தடவ வேண்டும். இரு பக்க ஸ்பேசர்களும் இடம் மாறக் கூடாது. கழற்றும்போதே மொபைலில் ஒரு போட்டோ எடுத்துவிட்டால் குழப்பமே இருக்காது.

டிஸ்க் பிரேக் என்றால்?

சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லிவரை அழுத்தவே கூடாது. அழுத்தினால் பேடுகள் நெருங்கிவிடும். டிஸ்க் உள்ளே நுழையாது. 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், முன் சக்கரத்தில் இருக்கும் சென்சாரும் அதன் ஒயரும் அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிரம் பிரேக் என்றால்?

இதுதான் மிக முக்கியம். பிரேக் பிளேட்டில் உள்ள பள்ளம், ஃபோர்க்கின் அடிப்பகுதியில் உள்ள புடைப்பில் சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால், பிரேக் பிடித்ததும் பிளேட்டும் சேர்ந்து சுழலும். சக்கரம் சட்டென்று லாக் ஆகி, ஓட்டுபவர் தூக்கி எறியப்படலாம்.

டைட் செய்யும் வரிசை ஏன் முக்கியம்?

பல பைக்குகளில் ஃபோர்க்கின் அடியில், ஆக்சிலைக் கவ்விப் பிடிக்க ஒரு சிறிய போல்ட் இருக்கும். பலர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முறுக்கிவிடுகிறார்கள். இது தவறு.

முதலில் அந்தச் சிறிய போல்ட் லூஸாகவே இருக்கட்டும். ஆக்சில் நட்டை டைட் செய்து, பிரேக் லிவரைப் பலமுறை அழுத்தி இறுக்கம் வரவைக்க வேண்டும். பிறகு ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டில்பாரை நான்கைந்து முறை கீழே அமுக்க வேண்டும். அப்போது ஃபோர்க்கின் இரு கால்களும் தானாகவே நேராக உட்காரும். அதன் பிறகே சிறிய போல்ட்டை முறுக்க வேண்டும்.

இதைச் செய்யாவிட்டால் ஃபோர்க் கால் ஒரு பக்கம் இழுத்தபடி நின்றுவிடும். சஸ்பென்ஷன் இறுகிப்போகும், ஆயில் சீலும் சீக்கிரம் தேயும்.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் முறுக்குவதே சரி. பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

கிளம்பும் முன் ஒரு நிமிடம்

* முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும்.
* டயரைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது.
* லிவர் தொளதொளவென்று இருந்தால், இறுக்கம் வரும்வரை மீண்டும் அழுத்த வேண்டும். பேடுகள் விலகியிருந்தால் முதல் பிரேக் பிடிக்காமலே போகலாம்.
* கேபிள் மீட்டர் உள்ள வண்டியில் முள் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக, தெருவிலேயே மெதுவாக ஓட்டி இரண்டு முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். மெயின் ரோடு அதற்கப்புறம்தான்!